மீன் எண்ணெய் மாத்திரை: யாருக்கு, எது, எவ்வளவு?

மீன் எண்ணெய் மாத்திரை டப்பாவின் முன்பக்கத்தில் ‘1000 மி.கி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. பின்பக்கத்துச் சத்துப் பட்டியலைப் பார்க்க வேண்டும். அங்கே ஈபிஏ 180 மி.கி., டிஹெச்ஏ 120 மி.கி. என்று பொடி எழுத்தில் இருக்கும். கூட்டினால் 300. இந்த எண்ணெயை எதற்காக வாங்குகிறோமோ அந்த ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் அந்த முந்நூறுதான். மீதி எழுநூறும் மீனின் மற்றக் கொழுப்புகள். பெரு நாட்டுக் கடலில் பிடிபடும் நெத்திலி இனத்து மீனிலிருந்து எடுக்கும் எண்ணெயில் இயல்பாகவே ஏறக்குறைய இந்த விகிதம் அமைந்திருக்கிறது. செறிவு கூட்டாமல் அப்படியே சுத்திகரித்து அடைத்தால் கிடைப்பது இந்த ‘180/120’ கேப்சூல். உலகச் சந்தையின் அடிப்படைச் சரக்கு அதுவே. அதை விற்பதில் தவறில்லை. முன்பக்கத்து எண்ணைப் பார்த்துவிட்டு, தினம் ஒரு கிராம் ஒமேகா-3 உள்ளே போகிறது என்று வாங்குபவர் நம்பிக்கொண்டிருப்பதுதான் கோளாறு.

எந்தக் கம்பெனி நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதைச் சாப்பிட எனக்குக் காரணம் இருக்கிறதா? தரத்தை மட்டும் எடைபோட்டுப் பயனை எடைபோடாமல் விட்டால் திறனாய்வு பாதியில் நின்றுபோகும். தேவையில்லாத பொருளில் முதல் தரமானதைத் தேடி வாங்கினாலும் செலவு வீண்தான். ஆகவே பயனிலிருந்து தொடங்குகிறேன்.

மீன் எண்ணெயின் புகழ் கிரீன்லாந்தில் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் பாங், டையர்பெர்க் என்ற இரண்டு டென்மார்க் ஆய்வாளர்கள் அங்குள்ள இனுயிட் மக்களின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சீலும் திமிங்கிலமும் மீனுமாக அவ்வளவு கொழுப்பைத் தின்னும் மக்களுக்கு மாரடைப்பு அரிது என்றும், அதற்குக் கடல் கொழுப்பே காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார்கள். கருத்து உலகைச் சுற்றியது. ஆனால் அந்த மக்களுக்கு இதய நோய் எவ்வளவு இருந்தது என்று அவர்கள் நேரில் அளக்கவே இல்லை. அரசின் சுகாதாரப் பதிவேடுகளை நம்பியிருந்தார்கள். மருத்துவர்கள் அரிதாக இருந்த, சிதறிக்கிடந்த குடியிருப்புகளின் பதிவேடுகள் அவை. 2014இல் கனடா ஆய்வாளர் ஃபோடரும் குழுவினரும் பழைய தரவுகளைத் திரட்டிப் பார்த்து, இனுயிட்களுக்கும் மற்றவர்களைப் போலவே இதய நோய் இருந்திருக்கிறது என்று எழுதினார்கள். அஸ்திவாரத்தில் விழுந்த இந்த விரிசலை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

அஸ்திவாரம் பிழையாக இருந்தும் மேலே கட்டியது நிற்கலாம். அதைச் சோதனைகள்தான் சொல்ல வேண்டும். 1999இல் இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வு வெளிவந்தது. அண்மையில் மாரடைப்பு வந்த 11,324 பேர் அதில் இருந்தார்கள். தினம் ஒரு கிராம் செறிவூட்டிய ஒமேகா-3 எடுத்தவர்களிடம் மரணம் குறைந்தது. 2007இல் ஜப்பானின் ஜெலிஸ் ஆய்வு, 18,645 பேரில், தினம் 1.8 கிராம் ஈபிஏ எடுத்தவர்களுக்குப் பெரிய இதய நிகழ்வுகள் 19 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. இரண்டும் பெரிய ஆய்வுகள், ஆனால் இரண்டிலும் போலி மாத்திரை கிடையாது. யார் எதைச் சாப்பிடுகிறார் என்பது நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே நடந்தவை. அதோடு, ஜிஸ்ஸி தொடங்கிய காலத்தில் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மருந்து பரவலாகவில்லை.

ஸ்டேட்டினும் நல்ல இரத்த அழுத்த மருந்துகளும் வழக்கமான பிறகு, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில் கதை மாறியது. 2018இல் வெளியான அசெண்ட் ஆய்வில் 15,480 நீரிழிவு நோயாளிகள், சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல். இதய, இரத்தக்குழாய்ச் சிக்கல் எண்ணெய் சாப்பிட்டவர்களில் 8.9 சதவீதத்தினருக்கு வந்தது. ஆலிவ் எண்ணெய் அடைத்த போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 9.2 சதவீதத்தினருக்கு. இது தற்செயலைத் தாண்டாத வித்தியாசம். அதே ஆண்டு முடிவைச் சொன்ன அமெரிக்காவின் வைட்டல் ஆய்வு 25,871 பேரைக் கொண்டது. ஐம்பது வயதைத் தாண்டிய சாதாரண மக்களை வைத்து நடந்தது. அதுவும் முதன்மைக் கேள்விக்கு ‘பயன் இல்லை’ என்றே பதில் தந்தது. மாரடைப்பு மட்டும் தனியே 28 சதவீதம் குறைந்திருந்தது. அதைவிட நம்மூர் வாசகர் கவனிக்க வேண்டிய தகவல் அந்த ஆய்வின் உள்ளே இருக்கிறது: வாரத்துக்கு ஒன்றரை வேளைக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களிடம்தான் பயன் எட்டிப்பார்த்தது. மீன் சாப்பிடுகிறவருக்கு மாத்திரை கூடுதலாக எதையும் தரவில்லை. இது துணைப் பகுப்பாய்வு, அதனால் இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் பொது அறிவோடு ஒத்துப்போகிறது. 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பு 86 ஆய்வுகளையும் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் அதிகமான பங்கேற்பாளர்களையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மொத்த மரணத்திலும் இதய மரணத்திலும் சொல்லத்தக்க மாற்றம் மிகச் சிறிது அல்லது இல்லை என்றது. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஒமேகா-3 மருந்தை அனுமதித்திருந்த ஐரோப்பிய மருந்து முகமையே, அடுத்த மாரடைப்பைத் தடுக்க அது உதவவில்லை என்று அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது.

இதற்கு எதிர்ச்சாட்சி ஒன்று இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் போனால் நியாயமாகாது. ரெட்யூஸ்-இட் ஆய்வு. ஸ்டேட்டின் எடுத்தும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு உயர்ந்தே இருந்த 8,179 பேருக்கு, தூய ஈபிஏவை மட்டும் கொண்ட மருந்து, தினம் 4 கிராம். நிகழ்வுகள் 22 சதவீதத்திலிருந்து 17.2 சதவீதமாகக் குறைந்தன. பெரிய வெற்றி. மீன் எண்ணெய் விற்பவர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த ஆய்வில் போலி மாத்திரையாகக் கொடுத்தது கனிம எண்ணெய். அதைச் சாப்பிட்டவர்களின் கெட்ட கொழுப்பும் அழற்சி அளவும் ஆய்வின்போது ஏறியிருந்தன. எதிர்த்தரப்பு மோசமானதால் மருந்து சிறப்பாகத் தெரிந்ததா என்ற சர்ச்சை இன்னும் தீரவில்லை. 2020இல் ஸ்ட்ரெங்த் ஆய்வு இதே 4 கிராம் அளவில், ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் கலந்த மருந்தை, சோள எண்ணெய்க்கு எதிராக 13,078 பேரிடம் சோதித்தது. நிகழ்வுகள் மருந்துத் தரப்பில் 12 சதவீதம், மறுதரப்பில் 12.2 சதவீதம். தொடர்ந்து பயனில்லை என்று பாதியில் நிறுத்தினார்கள். எது எப்படியானாலும், ரெட்யூஸ்-இட்டின் வெற்றி மருத்துவர் சீட்டில் எழுதித் தரும் ஒரு குறிப்பிட்ட மருந்தின் வெற்றி. அந்த அளவை எட்ட ‘180/120’ கேப்சூலை ஒரு நாளைக்குப் பதின்மூன்று விழுங்க வேண்டும், அப்போதும் ஐந்தில் இரண்டு பங்கு டிஹெச்ஏ கலந்துதான் போகும். அந்த ஆய்வைச் சுட்டி இந்த டப்பாவை விற்பது நேர்மையில்லை.

இனி தீங்கின் பக்கம். ‘மீன் எண்ணெய்தானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் என்ன’ என்று சொல்வது வழக்கம். கெடுதல் இருக்கிறது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு, பக்கவாதத்துக்கு வழிவகுக்கக் கூடியது. ரெட்யூஸ்-இட்டில் இதற்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துத் தரப்பில் 3.1 சதவீதம், மறுதரப்பில் 2.1. ஸ்ட்ரெங்த்தில் புதிதாக வந்தவர்கள் 2.2, 1.3. 2021இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தினம் ஒரு கிராமுக்கு மேல் எடுத்தவர்களிடம் இந்த ஆபத்து ஏறக்குறைய பாதி மடங்கு கூடியது. ஒரு கிராம் வரை எடுத்தவர்களிடம் 12 சதவீதம் கூடியது. தனி மனிதருக்கு இது சிறிய ஆபத்துதான். ஆனால் கிடைக்கும் பயனும் சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும்போது சிறிய ஆபத்துக்கும் எடை உண்டு. ஏற்கெனவே படபடப்பு, துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் தாமாக இதை வாங்கிச் சாப்பிடக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

அப்படியானால் யாருக்குத்தான் காரணம் இருக்கிறது? ட்ரைகிளிசரைடு மிக உயர்ந்து, 500ஐத் தாண்டியவர்களுக்கு ஒமேகா-3 மருந்தாகவே பயன்படுகிறது. அதை மருத்துவர் அளவு சொல்லித் தருவார். இரண்டாவது கர்ப்பிணிகள். 2018இல் வெளியான காக்ரேன் தொகுப்பு, கர்ப்ப காலத்தில் ஒமேகா-3 எடுத்தவர்களிடம் 37 வாரத்துக்கு முந்திய குறைப்பிரசவம் 13.4 சதவீதத்திலிருந்து 11.9 சதவீதமாகவும், 34 வாரத்துக்கு முந்தியது 4.6இலிருந்து 2.7 சதவீதமாகவும் குறைந்ததைக் காட்டியது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் பயன் இதுதான். மீன் வாடையே ஆகாத கர்ப்பிணிப் பெண்ணுக்கு மகப்பேறு மருத்துவர் டிஹெச்ஏ எழுதிக் கொடுத்தால் அதில் பொருள் இருக்கிறது. முடக்குவாதத்தில் வலி ஓரளவு குறையலாம், ஆனால் அதற்குத் தேவைப்படும் அளவு அதிகம். கண் வறட்சிக்கு இதை எழுதிக் கொடுப்பது பரவலான பழக்கம். 2018இல் 535 பேரிடம் நடந்த ட்ரீம் ஆய்வில் தினம் 3 கிராம் எடுத்தும் ஆலிவ் எண்ணெயைவிட மேலாக எதுவும் நடக்கவில்லை. குழந்தையின் ஞாபகசக்தி, முடி உதிர்வு, முகப்பொலிவு என்று டப்பாவில் எழுதியிருப்பவற்றை நம்பிக் காசு செலவழிக்க ஆதாரம் இல்லை.

காரணம் உள்ளவர் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி தரம்.

முதல் அளவுகோல் அளவுதான். ஒரு கேப்சூலில் ஈபிஏ எவ்வளவு, டிஹெச்ஏ எவ்வளவு என்று தனித்தனியாகப் போடாத டப்பாவைக் கீழே வைத்துவிடலாம். ‘மொத்த ஒமேகா-3’ என்று ஒற்றை எண் போதாது. ‘டபுள் ஸ்ட்ரெங்த்’, ‘டிரிபிள் ஸ்ட்ரெங்த்’ என்பவற்றுக்குத் திட்டவட்டமான வரையறை இல்லை. இன்னொரு இடத்திலும் கண் வைக்க வேண்டும்: பட்டியலின் தலைப்பில் ‘ஒரு வேளைக்கு’ என்று போட்டு, அந்த வேளை இரண்டு கேப்சூல் என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அப்போது எண்ணைப் பாதியாக்கிப் படிக்க வேண்டும். விலையையும் இப்படித்தான் ஒப்பிட வேண்டும். கணக்குக்காக ஓர் உதாரணம்: அறுபது கேப்சூல் ரூ. 600, ஒவ்வொன்றிலும் 300 மி.கி. ஒமேகா-3 என்றால் டப்பாவில் மொத்தம் 18 கிராம், கிராமுக்கு ரூ. 33. பக்கத்து டப்பா ரூ. 1,200, ஆனால் ஒவ்வொன்றிலும் 750 மி.கி. என்றால் மொத்தம் 45 கிராம், கிராமுக்கு ரூ. 27க்கும் குறைவு. இரட்டை விலை போட்டது உண்மையில் மலிவு. டப்பாவின் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர் இந்த இடத்தில் ஏமாறுகிறார்.

இரண்டாவது அளவுகோல்தான் எனக்கு மிக முக்கியமாகப்படுவது. எண்ணெய் கெட்டிருக்கிறதா? கடலை எண்ணெயின் முக்கியக் கொழுப்பு அமிலத்தில் ஒரு இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. ஈபிஏவில் ஐந்து, டிஹெச்ஏவில் ஆறு. ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பும் காற்றிலுள்ள ஆக்சிஜன் நுழையும் வாசல். அதனால் சமையல் எண்ணெய்களைவிட மிக வேகமாக மீன் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். வெப்பமும் வெளிச்சமும் அதை முடுக்கிவிடும். இதை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. ஆக்சிஜனேற்றத்தின் தொடக்க நிலையைக் காட்டுவது பெராக்சைடு அளவு. அந்தப் பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறிய பிந்தைய நிலையைக் காட்டுவது அனிசிடின் அளவு. மீன் எண்ணெய்க்கான 2017ஆம் ஆண்டு கோடெக்ஸ் சர்வதேசத் தரம் பெராக்சைடு 5க்கும், அனிசிடின் 20க்கும், பெராக்சைடின் இரு மடங்கோடு அனிசிடினைக் கூட்டி வரும் ‘டோட்டாக்ஸ்’ 26க்கும் மிகக் கூடாது என்கிறது. இரண்டையும் ஏன் சேர்த்துப் பார்க்க வேண்டும்? நன்றாகவே கெட்டுப்போன எண்ணெயில் பெராக்சைடுகள் உடைந்து தீர்ந்திருக்கும். அந்த ஒரு சோதனையை மட்டும் செய்தால் எண்ணெய் புதிது போலத் தோன்றும். எனவே பெராக்சைடு எண்ணை மட்டும் காட்டி ‘எங்கள் எண்ணெய் புதியது’ என்று சொல்லும் கம்பெனியிடம் அனிசிடினையும் கேட்க வேண்டும்.

சோதனைக்கூடம் இல்லாமல் வீட்டிலும் ஒன்று செய்து பார்க்கலாம். புது டப்பாவைத் திறந்த அன்றே ஒரு கேப்சூலை ஊசியால் குத்தி, ஒரு கரண்டியில் பிழிந்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். நல்ல எண்ணெயில் கடல் மீனின் மெல்லிய வாசம் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. பழைய அப்பளப் பொட்டலத்தைத் திறந்தால் அடிக்கும் சிக்கு வாடையோ, தொண்டையில் நிற்கும் காறலோ, பெயிண்ட் நெடியோ வந்தால் அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை சேர்த்த மாத்திரைகளில் இந்தச் சோதனை பலிக்காது. வாசனை வாடையை மூடிவிடும். அந்த வாசனைப் பொருள்கள் அனிசிடின் சோதனையையும் குழப்பக் கூடியவை. குடலில் மட்டும் கரையும் மேல்பூச்சுக்கும் இதே குறை உண்டு. மீன் வாடையோடு எதுக்களிப்பது நின்றுவிடும், ஆனால் எண்ணெய் எப்படி இருக்கிறது என்று உடம்பு சொல்லும் தகவலும் நின்றுவிடும். வாசனை சேர்க்காத, பூச்சில்லாத மாத்திரையை நான் மேலாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். சிக்கடித்த மீன் எண்ணெய் மனிதருக்கு எவ்வளவு கெடுதல் செய்யும் என்று ஆய்வுகள் இன்னும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. சொல்லும்வரை கெட்ட எண்ணெயைக் காசு கொடுத்து விழுங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

நம்மூரில் இந்த அளவுகோலுக்குக் கனம் கூடுகிறது. வேலூரிலும் மதுரையிலும் சித்திரை, வைகாசியில் நாற்பது டிகிரியைத் தொடும் வெயிலில் கிடங்கிலும் லாரியிலும் கிடந்து வரும் சரக்கு இது. தயாரித்த இடத்தில் எடுத்த சான்றிதழ் அந்தப் பயணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. கேப்சூல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருகியது போல இருந்தால் அது வெயில் பட்டதன் தடயம். வெளிச்சம் படும் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கும் டப்பாவை வாங்க வேண்டாம். காலாவதித் தேதியோடு தயாரித்த தேதியையும் பார்த்து, ஒரு வருடத்துக்குள் தயாரானதை எடுங்கள். இருநூறு, முந்நூறு கேப்சூல் டப்பாவில் சலுகை கிடைக்கும். தினம் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் காற்று உள்ளே போகிறது என்பதால் சிறிய டப்பாவோ தனித்தனியாக அடைத்த ஸ்டிரிப்போ மேல். வாங்கி வந்தபின் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, எண்ணெயின் வடிவம். இதைப் பற்றிய கூச்சல் அதன் தகுதிக்கு மிஞ்சியது. செறிவூட்டுவதற்காகக் கொழுப்பு அமிலங்களை அவற்றின் இயற்கைக் கட்டிலிருந்து பிரித்து எத்தில் எஸ்டராக மாற்றுகிறார்கள். சில கம்பெனிகள் அங்கேயே நிறுத்திக்கொள்கின்றன. சில திரும்பவும் ட்ரைகிளிசரைடாகக் கட்டி, கூடுதல் விலைக்கு விற்கின்றன. வெறும் வயிற்றில் எத்தில் எஸ்டர் சரியாகச் சேராது என்பது உண்மை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் வித்தியாசம் வெகுவாகக் குறையும். ‘எத்தில் எஸ்டர் செயற்கை, உடம்பு ஏற்காது’ என்று சொல்லி விற்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள்: ஜிஸ்ஸி, வைட்டல், ரெட்யூஸ்-இட் எல்லாவற்றிலும் கொடுத்தது எத்தில் எஸ்டரைத்தான். மதியச் சாப்பாட்டோடு எடுப்பவருக்கு வடிவத்துக்காக இரட்டைப் பணம் கொடுக்கும் தேவை இல்லை. கிரில் என்ற சிறு கடல் உயிரியிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அப்படியே. ஒரு கேப்சூலில் ஒமேகா-3 மிகக் குறைவு, விலை மிக அதிகம்.

பாதரசம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மீனில் பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால், பிரித்தெடுத்த எண்ணெயில் மிகக் குறைவாகவே வரும். ‘பாதரசம் இல்லாதது’ என்பது ஏறக்குறைய எல்லோரும் போட்டுக்கொள்ளக்கூடிய வரி. கொழுப்பில் கரையும் பிசிபி, டையாக்சின் என்ற மாசுகள்தான் எண்ணெயில் தங்கும். மூலக்கூறு வடித்தல் என்ற முறையில் நீக்க முடிந்தவை அவை. கேட்க வேண்டியது அவற்றின் சோதனை அறிக்கையை.

அறிக்கை என்றதும் சான்றிதழ்களின் கேள்வி வருகிறது. இந்தியாவில் இந்த மாத்திரைகள் பெரும்பாலும் மருந்தாக அல்லாமல் உணவுத் துணைப்பொருளாக விற்கின்றன. 2016இல் வந்த ஒழுங்குமுறைகள் முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் கட்டுப்பாட்டில் இருப்பவை. டப்பாவிலுள்ள பதினான்கு இலக்க எண் அந்த நிறுவனத்துக்கு உரிமம் இருப்பதைக் காட்டும். உங்கள் கையிலுள்ள டப்பாவின் எண்ணெயைச் சோதித்ததாக அதற்குப் பொருள் இல்லை. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகமும் அங்கேயே இருக்கும், அதை மதித்துப் படிப்பது நல்லது. கனடாவிலிருந்து இயங்கும் ஐஃபாஸ் திட்டம் ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் சோதித்து அறிக்கையை இணையத்தில் வெளியிடுகிறது. அமெரிக்காவின் யுஎஸ்பி முத்திரையும் மதிக்கத்தக்கது. முத்திரைப் படம் அச்சடித்திருப்பது மட்டும் போதாது. டப்பாவிலுள்ள தொகுதி எண்ணை அவர்கள் தளத்தில் தேடி, அதே எண்ணுக்கு அறிக்கை கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த டப்பாவைப் பொறுத்தவரை முத்திரையால் பயனில்லை.

சந்தை முழுவதும் மோசம் என்று சொல்வோர் 2015இல் நியூசிலாந்தில் வந்த ஆய்வைக் காட்டுவார்கள். அங்கு விற்ற 32 எண்ணெய்களில் மூன்றில் மட்டுமே லேபிளில் சொன்ன அளவு ஒமேகா-3 இருந்தது, பெரும்பாலானவை ஆக்சிஜனேற்ற வரம்பைத் தாண்டியிருந்தன என்றது அது. பிறகு நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மற்றக் குழுக்கள் சோதித்தபோது பெரும்பாலான சரக்கு லேபிளோடு பொருந்தியது. பின்வந்த சோதனைகளில் தொழில்துறை அமைப்பின் கையும் இருந்தது என்பதைச் சேர்த்தே எடைபோட வேண்டும். இரண்டு பக்கத்தையும் படித்தபின் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: கம்பெனிப் பெயரை நம்பி வாங்க முடியாது, தொகுதி வாரியான அறிக்கையை நம்பி வாங்கலாம்.

வாங்கவே கூடாதவை சில. ‘ஒமேகா 3-6-9’ என்று வருவது வீண். ஆறும் ஒன்பதும் நம் சமையலறையின் சூரியகாந்தி எண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் தேவைக்கு மேல் இருக்கின்றன, அவற்றைக் கேப்சூலில் வாங்கினால் மூன்றுக்கான இடம்தான் குறையும். குழந்தைகளுக்கான கம்மி மிட்டாய்களில் சர்க்கரைதான் பிரதானம், ஒமேகா-3 பெயருக்கு. காட் ஈரல் எண்ணெயைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் தலைமுறைகளாக ‘மீன் எண்ணெய் மாத்திரை’ என்று கொடுத்து வந்தது அதைத்தான். அது வேறு சரக்கு. அதன் வேலை வைட்டமின் ஏ-யும் டி-யும் தருவது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுக் காட் எண்ணெய் வரத்து நின்றபோது சென்னை மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரல் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும் அந்த வைட்டமினுக்காகவே. ஒமேகா-3 வேண்டும் என்று ஈரல் எண்ணெயைக் கூட்டிக் கூட்டிச் சாப்பிட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போகும். கர்ப்ப காலத்தில் அது கருவைப் பாதிக்கக் கூடியது. கர்ப்பிணிக்கு ஈரல் எண்ணெய் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மாத்திரைக்கு வெளியே ஒரு போட்டியாளர் இருக்கிறது, அதை ஒப்பிடாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. மத்தி என்றும் சாளை என்றும் நாம் சொல்லும் மீன். கொழுப்பேறிய பருவத்தில் அதன் நூறு கிராம் சதையில் சுமார் ஒரு கிராமோ அதற்கு மேலோ ஈபிஏ, டிஹெச்ஏ இருக்கும். வாரம் இரண்டு வேளை நூறு நூறு கிராம் சாப்பிட்டால் நாளுக்கு 280 மி.கி.க்குக் குறையாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாளுக்கு 250 மி.கி. அதில் அடங்கிவிடுகிறது. தினம் ஒரு ‘180/120’ கேப்சூல் தருவதும் ஏறக்குறைய அதேதான். கூடவே புரதமும் சுண்ணாம்புச் சத்தும் பி12உம் கிடைக்கின்றன, மீன் கெட்டுவிட்டதா என்று செவுளைத் தூக்கிப் பார்த்தே தெரிந்துகொள்ளவும் முடிகிறது. காணாங்கெளுத்தியும் நெத்திலியும் இதே வரிசையில் வருபவை. விலையுயர்ந்த வஞ்சிரத்தையும் சங்கராவையும் தேடிப் போக வேண்டாம். எண்ணெயில் முக்கிப் பொரிப்பதைவிடக் குழம்பாக வைப்பது நல்லது, கசியும் கொழுப்பு குழம்பிலேயே தங்கும்.

சைவ உணவுக்காரர்களுக்கு ஆளி விதை போதும் என்று சொல்வது பாதி உண்மை. ஆளி விதையிலுள்ள ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதை ஈபிஏவாகச் சிறிதளவும், டிஹெச்ஏவாக மிகச் சிறிதளவுமே மாற்றும். மீனுக்கே இந்தக் கொழுப்பு கடல் நுண்பாசியிலிருந்துதான் வருகிறது. அந்தப் பாசியை வளர்த்து எடுக்கும் எண்ணெய் இப்போது கடைகளில் கிடைக்கிறது. கர்ப்பிணியான சைவப் பெண்ணுக்கு நான் சொல்வது அதைத்தான். விலை கூடுதல். அளவு, சிக்கு, தொகுதி அறிக்கை ஆகிய மூன்று அளவுகோல்களும் அதற்கும் பொருந்தும்.

என் தீர்ப்பு இது. வாரம் இரண்டு வேளை மீன் சாப்பிடுகிற, வேறு மருத்துவக் காரணம் இல்லாத ஒருவருக்கு எந்தக் கம்பெனியின் மீன் எண்ணெய் மாத்திரையும் தேவையில்லை. மீனே சாப்பிடாத, அதே சமயம் துடிப்புக் கோளாறு இல்லாத ஒருவர் எடுக்க விரும்பினால், நாளுக்கு 250 முதல் 500 மி.கி. வரை ஈபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து வரும் அளவோடு நிறுத்திக்கொள்வது நியாயம். அதற்கு மேலான அளவு மருத்துவர் சீட்டில்தான் இருக்க வேண்டும். வாங்குவது என்று முடிவான பின் இரண்டு எண்ணும் தனித்தனியாக அச்சிட்ட, தொகுதி எண்ணுக்கு வெளி அறிக்கை கிடைக்கிற, வாசனை சேர்க்காத, அண்மையில் தயாரான சிறிய டப்பாவை எடுங்கள். இவற்றில் முதல் இரண்டும் இல்லாத டப்பாவை எவ்வளவு சலுகை கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மாரடைப்பு வந்தவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் தனியாக ஒரு வேண்டுகோள். ‘இங்கிலீஷ் மருந்து வேண்டாம், இது இயற்கை’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஸ்டேட்டினை நிறுத்திவிட்டு மீன் எண்ணெய்க்கு மாறாதீர்கள். ஸ்டேட்டின் மாரடைப்பைக் குறைக்கிறது என்பது ஆய்வுக்கு ஆய்வு உறுதியான செய்தி. மீன் எண்ணெய் ஸ்டேட்டினின் இடத்தை நிரப்பும் என்று காட்டிய ஆய்வு ஒன்றுகூட இல்லை.